ஹெல்மெட் இன்டர்காம்: பின்னிருக்கைக்கும் குழுவிற்கும் ஒரே கருவி போதுமா?

ஒத்தக்கடைவாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் ஒரே வண்டியில் செல்பவர்கள். எங்களுடன் இரண்டு நண்பர்கள் தத்தம் வண்டிகளில் வருவார்கள். மதுரையிலிருந்து ராமேசுவரம் செல்லும் சமவெளிச் சாலையும், தேனி, போடி வழியாக மூணாறு ஏறும் மலைச் சாலையுமே எங்கள் வழக்கமான பாதைகள். நான்கு பேருக்கும் ஹெல்மெட்டில் பொருத்தும் இன்டர்காம் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கருவியின் அட்டைப்பெட்டியில் பேச்சு எட்டும் தூரம் 400 மீட்டர் என்றும், அடுத்ததில் 800 மீட்டர் என்றும், இன்னொன்றில் 1.2 கிலோமீட்டர் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். தூரம் கூடக்கூட விலையும் கூடுகிறது. 'மெஷ்' என்ற சொல் பெட்டியில் வந்துவிட்டால் விலை வேறு உயரத்திற்குப் போய்விடுகிறது. நான்கு பேருக்கும் மெஷ் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. அதே நேரத்தில், சில ஆயிரங்களில் இணையத்தில் கிடைக்கும் சீனக் கருவிகளை நம்பி இறங்கவும் தயக்கமாக இருக்கிறது. நான் அணிவது ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், மனைவி அணிவது முகம் திறந்த ஓப்பன் ஃபேஸ். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை வானொலி

அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன் என்ற முறையில் முதலில் அலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கருவியைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

சந்தையில் உள்ள ஹெல்மெட் இன்டர்காம்கள் புளூடூத் ஆனாலும் மெஷ் ஆனாலும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. வீட்டு வைஃபையும் அதே அலைவரிசைதான். இந்த அலை தடையில்லாத வெளியில் நன்றாகச் செல்லும்; நீர் நிறைந்த மனித உடலும், ஈரமான இலைகளும், பாறையும் மண்ணும் குறுக்கே வந்தால் தளர்ந்துவிடும் அல்லது நின்றே போய்விடும். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் இரண்டு கருவிகளுக்கும் இடையே எந்தத் தடையும் இல்லாத சமவெளியில் கிடைக்கக்கூடிய உச்ச அளவு. எனவே ராமேசுவரம் சாலையில் மானாமதுரையைத் தாண்டிய நேரான பகுதிகளில் அந்த எண்ணில் ஒரு நல்ல பங்கு கிடைக்கும். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் கிடைக்காது. அங்கே உங்கள் நண்பர் அடுத்த வளைவில், நேர்க்கோட்டில் அளந்தால் மிக அருகில்தான் இருப்பார். ஆனால் இருவருக்கும் நடுவில் நிற்பது மலை. 1.2 கிலோமீட்டர் கருவியும் 800 மீட்டர் கருவியும் அந்த இடத்தில் ஏறத்தாழ ஒன்றுதான்.

மெஷ் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. ஒவ்வொரு கருவியும் மற்றவர்களின் பேச்சை வாங்கி அடுத்தவருக்குக் கடத்துவதால், முதல் வண்டியும் கடைசி வண்டியும் ஒன்றையொன்று நேராக எட்ட வேண்டியதில்லை. நடுவில் செல்லும் வண்டிக்கு இரண்டு பக்கமும் தெரிந்தால் போதும். இதிலிருந்து விளம்பரம் சொல்லாத ஒன்று தெரிகிறது: சாலையில் இரண்டே வண்டிகள் என்றால் மெஷ்ஷிற்கு வேலையே இல்லை, ஏனென்றால் கடத்திவிட நடுவில் ஆள் கிடையாது. மூன்று வண்டிகளில் பயன் தொடங்குகிறது. ஐந்தாறு வண்டிகள் என்றால் அதைத் தவிர வேறு எதுவும் சரிப்பட்டு வராது.

போடிமெட்டுப் பயணி

அண்ணன் சொன்னது சரியே. இருந்தாலும் மூன்று வண்டிகளுக்கே மெஷ் வாங்கலாம் என்பது என் கட்சி. காரணம் தூரம் அன்று, மறு இணைப்பு.

புளூடூத் இன்டர்காம் சங்கிலிபோல் இணைகிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனக்கு முன்னும் பின்னும் ஒருவர். நடுவில் உள்ளவர் பெட்ரோல் பங்கில் ஒதுங்கினால் சங்கிலி இரண்டாகிவிடும். அவர் திரும்பி வந்த பிறகு சில கருவிகள் தாமாக இணைந்துகொள்ளும், சிலவற்றில் பொத்தானை அழுத்த வேண்டும், இன்னும் சிலவற்றில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எல்லோரும் வரிசைப்படி மீண்டும் தொடங்க வேண்டும். கையுறை போட்ட விரலால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, தாடைக்கு மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பொத்தானைத் தடவிப் பார்ப்பது ஆபத்தான வேலை. மெஷ் குழுவில் ஒருவர் விலகுவதும் திரும்பச் சேர்வதும் யாருடைய கையும் படாமல் நடந்துவிடும். கார்டோ நிறுவனம் 2015இல் பேக்டாக் என்ற கருவியின் மூலம் இதை ஹெல்மெட்டிற்குக் கொண்டுவந்ததும், பின்னர் கொரிய நிறுவனமான சேனா 30கே மாடலில் தன்னுடைய மெஷ்ஷை அறிமுகப்படுத்தியதும் இந்த ஒரு தொல்லைக்காகவே என்று நான் சொல்வேன். பேக்டாக்கில் ஒரு குழுவில் 15 பேர், சேனாவின் மூடிய குழுவில் 24 பேர் என்று எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டுக்கொள்கிறார்கள். நமக்கெல்லாம் அந்த எண்ணிக்கை தேவையில்லை. நால்வர் பேச்சு அறுபடாமல் இருந்தால் போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கார்டோவின் மெஷ்ஷும் சேனாவின் மெஷ்ஷும் ஒன்றோடொன்று பேசாது. பெங்களூரைச் சேர்ந்த புளூஆர்மர் தன்னுடைய ரைட்கிரிட் என்ற மெஷ்ஷைத் தனியாக வைத்திருக்கிறது. குழுவில் ஒருவர் ஏற்கெனவே எதையாவது வாங்கியிருந்தால் தேர்வு அங்கேயே முடிந்துவிடுகிறது.

திருநகர் ராலி

இந்தப் பொருத்தமின்மையைச் சமாளிக்க 'யுனிவர்சல் இன்டர்காம்' என்று ஒரு வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. அதை நம்பி வெவ்வேறு நிறுவனக் கருவிகளை வாங்க வேண்டாம் என்பதை மட்டும் சொல்ல வந்தேன். இந்த வசதியில் உங்கள் கருவி அடுத்த கருவியை ஒரு கைப்பேசி என்று எண்ணிக்கொண்டு அழைப்பு இணைப்பில் பேசுகிறது. ஆகவே குரல் பழைய தொலைபேசிக் குரலாகக் குறுகிவிடும். கைப்பேசிக்கென்று இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்வதால், பல மாடல்களில் வரைபடக் குரலோ உள்ளே வரும் அழைப்போ போய்விடும். அவசரத்திற்கு ஒரு நாள் ஓட்டலாம். நாள்தோறும் இதோடு வாழ முடியாது.

பின்னிருக்கைக்காரி

இதுவரை எழுதிய எல்லோரும் முன்னிருக்கையில் அமர்பவர்கள் என்பது படிக்கும்போதே தெரிகிறது. மூன்று பதிவுகளில் கிலோமீட்டர்க் கணக்கும் குழுக் கணக்கும் வந்துவிட்டன. ஓட்டுபவரின் முதுகிலிருந்து ஒரு முழத் தொலைவில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதில் எதுவுமே பொருட்டில்லை. எங்களுக்குத் தூரம் சிக்கல் இல்லை. காற்று ஒன்றே சிக்கல்.

பின்னால் அமர்பவர் ஓட்டுபவரைவிடச் சற்று உயரத்தில் இருப்பார். வண்டியின் வைசரோ முன்னவரின் தோளோ தடுக்காத காற்று முழுவதும் பின்னவர் முகத்தில்தான் விழுகிறது. அதிலும் எங்களில் பலர் அணிவது ஓப்பன் ஃபேஸ் ஹெல்மெட். எனவே மைக்கில் காற்றிரைச்சலை வடிகட்டும் திறன் ஓட்டுபவரின் கருவியைவிடப் பின்னவரின் கருவியில்தான் நன்றாக இருக்க வேண்டும். வீடுகளில் நடப்பதோ நேர்மாறு: நல்ல கருவியை ஓட்டுபவர் வைத்துக்கொண்டு, மலிவான ஒன்றை மனைவிக்கோ அம்மாவிற்கோ மாட்டிவிடுகிறார்கள். பிறகு அவர்கள் பேசும்போதெல்லாம் ஓட்டுபவர் காதில் புயல் அடிக்கிறது; 'நீ பேசாமல் வா' என்ற சொல் வருகிறது.

ஒத்தக்கடைவாசி அண்ணனுக்கு என் கருத்து இதுதான். உங்கள் மனைவிக்கான கருவியை முதலில் தேர்ந்தெடுங்கள். அதனுடன் கம்பி போன்று வளைந்து வாயருகே நிற்கும் பூம் மைக் வருகிறதா என்று பாருங்கள். ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் ஒட்டும் சிறிய கம்பி மைக், ஓப்பன் ஃபேஸில் ஒட்டுவதற்கு இடமே இல்லாமல் தொங்கும். மைக்கின் பஞ்சு உறை கழன்று விழுந்துவிட்டால் எந்த நிறுவனத்தின் கருவியும் இரைச்சல்தான். மாற்று உறை தனியாகக் கிடைக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். முடிந்தால் ஒரு காரியம் செய்யலாம்: கருவிக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தைக் குறைத்து, அவருக்கும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பேச்சும் தெளியும், தாடையும் தப்பும்.

ஒத்தக்கடைவாசி

பின்னிருக்கைக்காரி அம்மா சொன்ன கோணத்தை நாங்கள் யோசித்திருக்கவில்லை. நன்றி. மனைவியிடம் காட்டினேன், முதல் வேலையாக ஹெல்மெட் என்று முடிவாகிவிட்டது. தலைக்கு எடை கூடுமோ என்பது மட்டும் அவருடைய கவலை. சாதாரண இயர்பட்ஸை ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டு இருவரும் கைப்பேசியில் அழைத்துப் பேசினால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்கிறார். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

சிம்மக்கல் கடைக்காரர்

ஹெல்மெட்டும் உதிரிப் பொருட்களும் விற்கும் தொழிலில் இருப்பவன். விற்பவன் சொல்வதைச் சற்றுத் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

எடையைப் பொறுத்தவரை, இந்தக் கருவிகள் ஹெல்மெட்டின் எடையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. கவனிக்க வேண்டியது எடை ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்பதைத்தான். பெரும்பாலும் இடப்பக்கம் பொருத்துவார்கள். தடிமனான கருவி என்றால் வேகத்தில் காற்று அதைப் பிடித்து இழுப்பது கழுத்தில் தெரியும். மெலிதான கருவி, அல்லது பாகங்கள் இரண்டு பக்கமும் பிரிந்திருக்கும் கருவி நீண்ட பயணத்திற்கு நல்லது.

இயர்பட்ஸ் வழி மலிவானது, குறை இரண்டு. அழைப்புக்குச் செல்பேசிக் கோபுரத்தின் தொடர்பு வேண்டும். மலைச் சாலையில் அது எங்கே விடும் என்று சொல்ல முடியாது. அடுத்தது, ஹெல்மெட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் இயர்பட்ஸ் இழுபட்டு விழும் அல்லது காதுக்குள் அழுந்தி வலிக்கும். அந்த நுண்ணிய மைக்குகள் தலைக்கவசத்தின் உள்ளே பஞ்சில் புதைந்து கிடக்கும்போது குரலை எடுப்பதும் அரிது.

எங்களிடம் 'சத்தமே கேட்கவில்லை, கருவி பழுது' என்று திரும்ப வருபவற்றில் பெரும்பாலானவை பழுதாக இருப்பதில்லை. ஸ்பீக்கர் காதுக்கு நேராக இருப்பதில்லை. நம் ஊர் ஹெல்மெட்டுகள் பலவற்றில் காதுப் பகுதியில் ஸ்பீக்கருக்கென்று குழி இருக்கும். அந்தக் குழி எல்லோருடைய காதுக்கும் நேராக அமையும் என்று சொல்ல முடியாது. வழி எளிது: ஹெல்மெட்டை அணிந்து, வாரை இறுக்கிவிட்டு, விரலை உள்ளே விட்டுக் காதுத் துளை எங்கே வருகிறது என்று பார்த்து, அதன் நேரே ஸ்பீக்கரின் நடுப்பகுதி வரும்படி வெல்க்ரோவில் ஒட்டுங்கள். ஒரு விரல் அகலம் தள்ளிப்போனாலே ஒலி பாதியாகத் தோன்றும். ஸ்பீக்கர் காதிலிருந்து விலகி நின்றால் பின்னால் வைக்கப் பஞ்சு வட்டங்கள் பெட்டியிலேயே கொடுத்திருப்பார்கள். பெரும்பாலோர் அவற்றைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் 32 மில்லிமீட்டரைவிட நல்லது என்பது உண்மைதான். ஆனால் சரியாக ஒட்டிய சிறியது தவறாக ஒட்டிய பெரியதை வென்றுவிடும்.

குழி சிறியதாக இருந்தால் உள்ளே இருக்கும் தெர்மாகோலைக் கத்தியால் சீவித் தருமாறு சிலர் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. விழும்போது அடியை வாங்கிக்கொள்வதற்காகவே அந்தத் தெர்மாகோல் இருக்கிறது. வெளி ஓட்டில் துளை போடுவதும் அப்படியே. கருவியை விளிம்பில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போட முடியாத ஹெல்மெட் என்றால், ஒட்டும் தகட்டைப் பயன்படுத்தலாம். ஒட்டுமிடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, அழுத்தி ஒட்டி, ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் கருவியை மாட்ட வேண்டும். மதுரை வெயிலில் அவசரமாக ஒட்டிய தகடு மேலூர் போவதற்குள் கையோடு வந்துவிடும்.

திருநகர் ராலி

கடைக்காரர் ஐயா சொல்லாமல் விட்ட ஒன்று: காதடைப்பான். வேகமாகச் செல்லும்போது ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றிரைச்சல், நூறு கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது 90 டெசிபலைத் தாண்டிச் செல்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழில்நலத் துறையில் எல்லையாகக் கொள்ளப்படும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. இந்த இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினால், இரண்டும் சேர்ந்து காதைத் தாக்குகின்றன. மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பஞ்சுக் காதடைப்பானை வைத்துக்கொண்டு ஒலியைக் கூட்டுங்கள். அடிநாதமான காற்றிரைச்சல் அடங்கி, பேச்சு முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். நம்ப முடியாமல் இருக்கும். செய்து பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

நகருக்குள் மட்டும் அடைப்பானை எடுத்துவிடுங்கள். கோரிப்பாளையத்தில் பக்கவாட்டில் வரும் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்காமல் திரும்பும் என்பது வேறு விஷயம். அடித்தாலாவது கேட்க வேண்டும்.

மேலூர் மிதவேகம்

நான் மாறுபடுகிறேன். இத்தனை பொருட்செலவில், இத்தனை நுட்பத்தோடு, வண்டி ஓட்டும்போது என்ன பேச வேண்டியிருக்கிறது? ஓட்டுபவரின் கவனம் சாலையில் இருக்க வேண்டும். வண்டியோடும்போது கையில் தொலைபேசியைப் பிடிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் 2019 திருத்தத்தின் மூலம் ஆபத்தான ஓட்டுதலின் கீழ் வந்துவிட்டது. கையில் பிடித்தால் தவறு, காதில் பொருத்தினால் சரி என்பது சட்டத்திற்குப் பொருந்தலாம், மூளைக்குப் பொருந்துமா?

பின்னிருக்கைக்காரி

மிதவேகம் ஐயாவின் கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு வேறு பேச்சுகளை அவர் ஒன்றாக்குகிறார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. எதிரே லாரி வருகிறதா, வளைவு வருகிறதா என்று அறியாமல் அவர் பேசிக்கொண்டே போவார். பின்னிருக்கையில் இருக்கும் எனக்கு எல்லாம் தெரியும். லாரியைக் கண்டால் நானும் வாயை மூடிக்கொள்வேன். பேச்சு இல்லாத காலத்தில் முதுகில் தட்டியும், தோளைப் பிடித்து இழுத்தும், அதுவும் பலிக்காவிட்டால் காதருகே குனிந்து கத்தியும்தான் 'தலை சுற்றுகிறது, நிறுத்துங்கள்' என்று சொல்ல வேண்டியிருந்தது. கத்துவதைக் கேட்பதற்காக அவர் தலையைத் திருப்புவார். எது ஆபத்து?

உள்ளே வரும் தொலைபேசி அழைப்பை எடுக்காமல் விடும்படி அமைத்துக்கொள்வது குறித்து நான் மிதவேகம் ஐயாவின் பக்கம்தான். பல கருவிகளில் வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் அழைப்பை எடுத்துவிடும் ஓர் அமைப்பு இருக்கும். செயலியில் அதை முதல் நாளே அணைத்து வைக்கலாம்.

மேலூர் மிதவேகம்

அழைப்பை அணைத்து வைப்பது என்றால் எனக்கு மறுப்பில்லை. மலைச் சாலையில் வளைவுக்கு முன்னும், முந்திச் செல்லும்போதும் பேசுவதில்லை என்று குழுவில் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முன்னே செல்பவர் 'எதிரே பஸ்' என்று சொல்வது மட்டும் விதிவிலக்கு. அதற்கு இந்தக் கருவி பயன்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிம்மக்கல் கடைக்காரர்

சட்டம் பற்றிய பேச்சு வந்ததால் ஒரு வரி: 129ஆம் பிரிவு ஓட்டுபவருக்கு மட்டுமல்லாமல் பின்னால் அமர்பவருக்கும் நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் சேர்த்தே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. கருவி மாட்டும் ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். கருவி உள்ளே கட்டப்பட்டே வரும் 'புளூடூத் ஹெல்மெட்' வாங்கலாமா என்று பலரும் கேட்பார்கள். நான் தனிக் கருவியையே சொல்வேன். ஒரு முறை பலமாக விழுந்தால் ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும். உள்ளே கட்டிய கருவி அதோடு போய்விடும். தனிக் கருவி புது ஹெல்மெட்டுக்கு மாறிவிடும்.

அலங்காநல்லூர்த் தம்பி

இவ்வளவு செலவுக்குப் பதிலாக ஆளுக்கொரு வாக்கிடாக்கி வாங்கினால் என்ன? இணையத்தில் இரண்டாயிரத்திற்கு ஜோடியாக வருகிறதே. மலையிலும் நன்றாக எடுக்கும் என்கிறார்கள்.

வைகைக்கரை வானொலி

தம்பி, இதில் கவனம் வேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் தக்கவை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரிசையில் இயங்கும் குறைந்த திறன் கொண்ட வாக்கிடாக்கிகள் மட்டுமே. இணையத்தில் மலிவாக வரும் பலவற்றில் எந்த அலைவரிசையை வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளலாம். காவல்துறை, விமானம், கப்பல் என்று பிறருக்கு ஒதுக்கிய வரிசையில் தெரியாமல் பேசினாலும் குற்றம் குற்றமே. வாங்குவதானால் வரிசையையும் கருவிக்கான அரசு ஒப்புதலையும் பார்த்து வாங்கவும். என்னைப் போன்ற உரிமம் பெற்றவர்களிடம் கருவியை இரவல் கேட்பதும் கூடாது, நாங்கள் தருவதும் கூடாது.

குறைந்த அலைவரிசை மரங்களையும் வளைவுகளையும் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடச் சற்று நன்றாகக் கடக்கும் என்பது உண்மைதான். ஆனால் பொத்தானை அழுத்திக்கொண்டு ஒருவர் பேச, மற்றவர் காத்திருக்க வேண்டும். கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க வேண்டும். இன்டர்காமில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். கணவன் மனைவிக்கு எது ஒத்துவரும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போடிமெட்டுப் பயணி

காற்று வடிகட்டும் திறனை வீட்டு வாசலில் நின்று சோதிக்க முடியாது. பாம்பன் சாலைப் பாலம் அதற்கு நல்ல இடம். இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நேராகவும் திறந்த வெளியாகவும் இருப்பதால் தூரமும் தெரியும்; கடற்காற்று பக்கவாட்டில் அடிப்பதால் மைக்கின் தரமும் தெரிந்துவிடும். எங்கள் குழுவில் ஒருவர் வாங்கிய மலிவான ஜோடி, குரல் கேட்டால் தானே திறந்துகொள்ளும் வகை. பாலத்தின் மேல் காற்றையே குரல் என்று எண்ணி அது திறந்துகொண்டு, மண்டபம் திரும்பும் வரையில் இரைந்துகொண்டே வந்தது. அந்த வகையில் உணர்திறனைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலத்தில் வண்டியை நிறுத்தி அமைப்பை மாற்றாதீர்கள். கடலைப் பார்க்க நிறுத்துபவர்களாலேயே அங்கே போதுமான நெரிசல்.

மழை பற்றி: ஐபி67 என்று போட்டிருந்தால் தூசியும் தண்ணீரும் புகாது. மூணாற்றின் தென்மேற்குப் பருவமழையில் போகிறவர்கள் அதைப் பார்த்தே வாங்கவும். ஆனால் சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடி திறந்திருந்தால், எந்த முத்திரையும் காப்பாற்றாது.

திருநகர் ராலி

நம் ஊருக்கு மழையைவிட வெயிலே முக்கியம். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் எதிரி. அக்னி நட்சத்திர நாளில், கறுப்பு ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனால் கருவி கொதித்துக் கிடக்கும். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. நிழலில் ஆறவிட்டுப் போட வேண்டும். எளிதில் கழற்றும்படி காந்தத்தில் ஒட்டும் மாடல்கள் இந்த ஒரு காரணத்திற்காகவே எனக்குப் பிடிக்கும். கோயிலுக்குப் போகும் இடத்தில் திருட்டுப் பயமும் குறையும். வியர்வையில் நனையும் ஸ்பீக்கர் உறையை அவ்வப்போது கழற்றித் துவைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். மதுரையில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒத்தக்கடைவாசி

நண்பர்கள் இருவரும் இந்த இழையைப் படித்தார்கள். நால்வருக்கும் மெஷ் வாங்க முடியாது என்பதால், நான்கு பேர் வரை இணையும் ஒரே மாடல் புளூடூத் கருவிகளாக வாங்குவது என்றும், மனைவிக்கு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் என்றும் முடிவு செய்திருக்கிறோம். இருவர் மட்டும் இணையும் மலிவான மாடல்களை விட்டுவிட்டோம். கடைசியாக ஒரு சந்தேகம். சாலையில் எங்கள் வண்டிதான் வழக்கமாக நடுவில் செல்லும். முன்னால் ஒரு நண்பர், பின்னால் ஒரு நண்பர். இணைக்கும்போது எந்த வரிசையில் இணைப்பது? பின்னிருக்கை எப்போதும் சங்கிலியின் கடைசியில் இருக்க வேண்டும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள்.

வைகைக்கரை வானொலி

காணொளி சொல்வது உங்கள் வண்டி வரிசையின் ஓரத்தில் செல்லும்போது பொருந்தும். நடுவில் செல்லும்போது பொருந்தாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கிலியில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு கைகளே உண்டு. உங்கள் ஒரு கை மனைவிக்குப் போய், அவர் கடைசியாகிவிட்டால், மீதமுள்ள ஒரு கையால் ஒரு நண்பரைத்தான் பிடிக்க முடியும். இன்னொரு நண்பர் அந்த நண்பரைப் பிடிக்க வேண்டியிருக்கும். அவர்கள் இருவரும் வரிசையின் இரு முனைகளில் இருப்பவர்கள். ஆக மிக நீண்ட தூரத்தை ஒரே தாவலில் கடக்க வேண்டிவரும்; முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அறுந்துவிடும்.

எனவே முன் நண்பர், நீங்கள், உங்கள் மனைவி, பின் நண்பர் என்ற வரிசையில் இணையுங்கள். நீங்கள் முன்னவரையும், உங்கள் மனைவி பின்னவரையும் பிடித்துக்கொள்வீர்கள். ஒரே வண்டியில் இருப்பதால் உங்கள் இருவருக்கும் இடையிலான இணைப்பு அறுபடாது. இதில் ஒரு நன்மையும் உண்டு: இடப்பக்கம் பொருத்திய கருவிக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் குறுக்கே பின்னிருக்கைக்காரரின் உடல் நிற்காது, ஏனென்றால் பின் நண்பரோடு பேசுவது உங்கள் மனைவியின் கருவியேதான்.

ஆனால் ஒன்று: இப்போது உங்கள் மனைவியின் கருவி அணைந்தால் பின் நண்பர் தனித்துவிடுவார். மூணாற்றில் தேநீர் குடிக்க இறங்கும்போது பழக்கதோஷத்தில் அவர் கருவியை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜும் முதலில் அவருடையதற்குப் போடுங்கள்.

பின்னிருக்கைக்காரி

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், நல்ல கருவி பின்னிருக்கைக்கு என்று. நான்கும் ஒரே மாடல் என்பதால் உங்கள் வீட்டில் அந்தச் சண்டை வராது. வாங்கியவுடன் நான்கிலும் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு இணையுங்கள். வெவ்வேறு பதிப்பில் இருந்தால் ஒரே மாடலுக்குள்ளும் முரண்டு பிடிக்கும்.

ஒத்தக்கடைவாசி

அந்த வரிசையிலேயே இணைக்கிறோம். ஹெல்மெட்டிற்காக இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சிம்மக்கல் வருகிறேன், கடைக்காரர் ஐயா. கருவியையும் கையோடு எடுத்து வருகிறோம், ஸ்பீக்கரை அவர் காதுக்கு நேராக நீங்களே ஒட்டித் தாருங்கள்.